மூன்று வாரத்தைத் தின்ற சீரம்

‘பாலூட்டிகளின் செல்லை இரண்டாகப் பிரியச் சொல்லி உத்தரவு போடும் சமிக்ஞைப் புரதம் எது? ஒரே பெயர் போதும்’ என்று கேட்டிருக்கிறீர்கள். நாளைக்குத் தேர்வு போலிருக்கிறது. ராஸ் என்றோ சைக்ளின் டி என்றோ எழுதிவிட்டு வாருங்கள், மதிப்பெண் போடுவார்கள். எனக்கு உறுத்துவது அந்த ‘உத்தரவு’தான். அதை நம்பி மூன்று வாரத்தைத் தொலைத்தவன் நான்.

ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிது. எலிக் கருவிலிருந்து வந்த 3டி3 என்ற செல்களை ஒரு நாள் 0.5% சீரத்தில் பட்டினி போட்டேன். (சீரம் என்பது ரத்தத்திலிருந்து பிரித்த திரவம்; செல்லை வளரத் தூண்டும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகள் அதில் இருக்கும்.) பட்டினியில் அவை பிரியாமல் சும்மா கிடக்கும். மறுநாள் 10% சீரம் கொடுத்தேன். சீரம் பட்ட பத்தாவது நிமிடமே, செல்லுக்குள் செய்தி கடத்தும் ஈஆர்கே என்ற புரதம் விழித்துக்கொள்வதை முந்தைய வாரம் பார்த்திருந்தேன். புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் அதன் பட்டை கண்மை போலக் கறுப்பாக வந்திருந்தது. சரி, உத்தரவு போய்ச் சேர்ந்தாயிற்று, இனி எதற்கு வீண் செலவு? ஒரு மணி நேரத்தில் சீரத்தைக் கழுவிவிட்டு மறுபடி பட்டினி போட்டேன்.

அடுத்த நாள் மைக்ரோஸ்கோப்பில், புதிதாக டிஎன்ஏ நகலெடுக்கும் உட்கருக்கள் பச்சையாக ஒளிர வேண்டிய இடத்தில் ஒரே இருட்டு. அங்கொன்றும் இங்கொன்றுமாக இரண்டு மூன்று. உட்கருவை ஒளிர வைக்கும் ஆன்டிபாடிதான் கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்க வைத்தேன். மறுபடியும் இருட்டு. (சீரத்தை எடுக்காமலே விட்ட தட்டு ஒன்று பக்கத்தில் இருந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். வைக்கவில்லை. திட்ட வேண்டாம், கைடு திட்டியதே போதும்.)

நான்காம் முறை சீனியர் அக்கா வந்து, “சீரம் எவ்வளவு நேரம் விட்ட?” என்றார்.

“ஒரு மணி நேரம்க்கா.”

“அது போதும்னு யார் சொன்னா?”

சீரத்தில் உள்ள வளர்ச்சிக் காரணி, செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிப் புரதத்தைத் தொட்டதும் ராஸ், ராஃப், மெக், ஈஆர்கே என்று புரதம் புரதமாகச் செய்தி சில நிமிடத்தில் உள்ளே ஓடிவிடும். ஈஆர்கேயின் தூண்டுதலில் சைக்ளின் டி உருவாகும். ஆனால் அது அரை மணி நேரத்துக்குள் பாதி சிதைந்துவிடும். செய்தி வந்துகொண்டே இருந்தால்தான் சேரும். சேர்ந்தால்தான் சிடிகே4, சிடிகே6 என்ற நொதிகளுடன் கூடி, பிரிதலுக்குத் தடை போடும் ஆர்பி புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டும்; ஆர்பி பிடித்துவைத்திருக்கும் ஈ2எஃப் என்ற புரதம் அப்போதுதான் விடுபட்டு, டிஎன்ஏ நகலெடுக்கத் தேவையான ஜீன்களை எழுப்பும். அதற்குப் பல மணி நேரம் ஆகும். நடுவில் சீரத்தை எடுத்தால் செல் பழையபடி படுத்துவிடும். ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் எடுத்தாலும் கண்டுகொள்ளாது. 1974-இல் ஆர்தர் பார்டி என்ற உயிர்வேதியியலாளர் காட்டிய எல்லை அது. ராஸில் 12-ஆம் இடத்து கிளைசின் என்ற அமினோ அமிலம் மாறிப்போனால் கதை வேறு. வெளியே ஒன்றும் இல்லாமலே செய்தி ஓயாது. பல புற்றுநோய்களில் நடப்பது இதுதான்.

இதில் பங்குள்ள மற்றப் புரதங்களான பிஐ3கே எங்கே, பி27 எங்கே என்று யாராவது கிளம்புவீர்கள். தெரியும் சாமி. என் தட்டில் நான் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

அப்புறம், விஷயம் புரிந்து ஐந்தாம் முறை செய்யலாம் என்று ஃபிரிட்ஜைத் திறந்தால், டேப்பில் என் பெயர் எழுதி வைத்த சீரம் பாட்டிலை யாரோ தீர்த்துவிட்டிருந்தார்கள். அடியில் ஒரு மில்லி மட்டும் மிச்சம். ‘காலி பண்ணவில்லையே’ என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா!