சர்வரை நிறுத்துமுன்: தளத்தில் ஆளிருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்த நான்கு கேள்விகள் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. அவற்றுக்குச் சேர்த்தே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் சர்வரில் நாற்பது வெப்சைட் இருக்கிறது. கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அப்டேட் போட்டு ரீபூட் செய்ய வேண்டும். பாதிப் பேரின் போன் நம்பரே மாறிவிட்டது. எது ஓடுகிறது, எது சும்மா கிடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஃபைலைக் கடைசியாகப் படித்த நேரத்தை வைத்து முடிவு செய்யலாமா?
– வாசகர், காட்பாடி

பதில்: ஃபோல்டர்களை எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். பழைய ஃபோல்டர் அழியாமல் கிடக்கும். ஒரே ஃபோல்டரில் மூன்று டொமைனும் (தளப் பெயர்) ஓடும். தளங்களை அனுப்பும் மென்பொருள் அப்பாச்சி என்றால் அப்பாச்சி-சிடிஎல் கட்டளைக்குப் பெரிய எஸ் ஆப்ஷன் கொடுங்கள். என்ஜின்எக்ஸ் என்றால் அதன் கட்டளைக்குப் பெரிய டி. சர்வர் எந்தெந்தப் பெயருக்குப் பதில் சொல்கிறது என்ற முழுப் பட்டியலும் வந்துவிடும். மாற்றுப் பெயர்களையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். உண்மையான எண்ணிக்கை நாற்பதாக இருக்காது.

அடுத்து, பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் டிக் கட்டளையில் போட்டு, அது எந்த ஐபிக்கு, அதாவது எந்தச் சர்வர் முகவரி எண்ணுக்குப் போகிறது என்று பாருங்கள். டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை. இரண்டும் வேறு வேறு இடத்துக்குப் போவது சாதாரணம். உங்கள் ஐபி வந்தால் தளம் இங்கேதான் ஓடுகிறது. பெயரே இல்லை என்று வந்தால் பெரும்பாலும் டொமைன் காலாவதி. வேறு ஐபி வந்தால் உடனே 'போய்விட்டது' என்று கோடு போட்டுவிடாதீர்கள். அது, தளத்துக்கு முன்னால் நின்று வருகையை வாங்கிக் கடத்தும் கிளவுட்ஃப்ளேர் சேவையின் ஐபியாக இருந்தால், பின்னால் நிற்பது உங்கள் சர்வராகவே இருக்கலாம்.

பலரும் கோட்டைவிடுவது புது வகை ஐபி முகவரியான ஐபிவி6. தளத்தை வேறு இடத்துக்கு மாற்றும்போது பெயரைப் பழைய வகை முகவரியோடு (ஐபிவி4) இணைக்கும் ஏ ரெக்கார்டை மாற்றிவிட்டு, ஐபிவி6 முகவரியோடு இணைக்கும் குவாட் ஏ ரெக்கார்டை மறந்துவிடுவார்கள். ஜியோ சிம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஐபிவி6 வழியாக வருவதால் இன்னும் உங்கள் பழைய சர்வரில்தான் வந்து இறங்கிக்கொண்டிருப்பார்கள். ஐபிவி6 இல்லாத ஆபீஸ் பிராட்பேண்டில் சோதித்தால் இது தெரியாது. இரண்டு ரெக்கார்டையும் பாருங்கள். மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டையும் பாருங்கள்: தளம் போயிருக்கும், மெயில் மட்டும் உங்களிடமே வந்துகொண்டிருக்கும்.

இதற்குப் பிறகுதான், யார் எப்போது எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் ஆக்சஸ் லாக். லினக்ஸ் வகைகளான உபுண்டு, டெபியனில் அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் இரண்டின் லாகும் வழக்கமாகத் தினமும் சுழன்று, 14 நாளுக்கு மட்டும் தங்கும். ரெட் ஹேட் வகையில் அப்பாச்சிக்கு வாரம் ஒன்றாக நான்கு. ஜிஎஸ்டி 3பி தாக்கல் நாளான 20-ஆம் தேதியை ஒட்டி மட்டும் ஆள் வரும் ஆடிட்டர் போர்ட்டலை, அடுத்த மாதம் 10-ஆம் தேதி திறந்து பார்த்தால் 14 நாள் லாகில் ஈ காக்கை இருக்காது. ஆகவே, வேலை அடுத்த மாதம் என்றால், லாகைச் சுழற்றும் லாக்ரொட்டேட்டின் அமைப்புக் கோப்பில் உள்ள 14-ஐ இன்றே 60 ஆக்குங்கள். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

லாக் வரியை ஆக் கட்டளையில் பத்தி பத்தியாகப் பிரிக்கும்போது, வழக்கமான கம்பைண்ட் வடிவத்தில் 4-வது பத்தி நேரம், 7-வது கேட்ட பக்கம், 9-வது விடை எண் (கேட்டதற்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லும் மூன்று இலக்க எண்). தனி லாக் அமைக்காத தளங்களுக்கு டெபியன் ஒரு பொது லாக் வைத்திருக்கும். அதில் முதலில் தளத்தின் பெயர் நிற்பதால் எல்லாம் ஒன்று தள்ளி 5, 8, 10 ஆகிவிடும். இதைக் கவனிக்காமல் எண்ணினால் கணக்கு முழுக்கத் தப்பு.

ஃபைலைக் கடைசியாகப் படித்த நேரத்தை வைத்து முடிவு செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். லினக்ஸ் அதை ஒவ்வொரு முறையும் குறிப்பதில்லை. அதோடு, இரவில் ஓடும் பேக்கப் படித்தாலும் அந்தத் தேதி மாறும். கடைசியாக, குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலான கிரானைத் திறந்து பாருங்கள். யாருமே வராத தளத்தின் பின்னால், காலை ஆறு மணிக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் ஸ்கிரிப்ட் ஒன்று ஓடிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: எங்கள் பள்ளித் தளத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டாயிரம் ஹிட் வருவதாக லாக் சொல்கிறது. விடுமுறையிலும் அதே எண்ணிக்கை. உண்மையிலேயே இத்தனை பேர் பார்க்கிறார்களா?
– வாசகி, ஆற்காடு

பதில்: விடுமுறையிலும் எண்ணிக்கை குறையவில்லை என்பதே பாதி விடை. வருவது பெரும்பாலும் பாட், அதாவது தானாக ஓடும் நிரல். ஒரு வரியை எடுத்து உற்றுப் பாருங்கள். 203.0.113.25 என்ற ஐபியிலிருந்து வேர்ட்பிரஸின் டபிள்யூபி-லாகின் பக்கத்துக்கு ஒரு போஸ்ட் (படிவம் அனுப்பும் கோரிக்கை), விடை 200 (பக்கம் தரப்பட்டது). இரண்டு விநாடி கழித்து இன்னொன்று, அதுவும் 200. இப்படி நூறு வரி. வேர்ட்பிரஸில் பாஸ்வேர்ட் தப்பானால் அதே பக்கம் 200 என்று திரும்பவும் வரும். சரியாக இருந்தால் 302 வந்து உள்ளே அழைத்துப் போகும். எனவே இது பூட்டைத் தட்டிப் பார்க்கும் வேலை. நடுவே ஒரு 302 இருந்தால் அதுதான் முக்கியம்: ஒன்று உங்கள் ஆபீஸ் ஊழியர், இல்லையென்றால் திருடன். எந்த ஐபி என்று உடனே பாருங்கள்.

மனிதர் வந்தால் தடம் வேறு மாதிரி இருக்கும். ஒரு பக்கத்தைக் கேட்ட அதே விநாடியில் அதன் சிஎஸ்எஸ், லோகோ படம், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் வரிசையாக இறங்கும். அரை நிமிடம் கழித்து அடுத்த பக்கம். பெரும்பாலான பாட்கள் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும். டபிள்யூபி-கிரான் வரிகளைத் தள்ளிவிடுங்கள். சர்வர் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்வது அது. கூகுள்பாட் என்று பெயர் போட்டு வருவதையெல்லாம் நம்பவும் வேண்டாம். அந்த ஐபியைத் தலைகீழாகத் தேடினால் கூகுளின் பெயர் வர வேண்டும், அந்தப் பெயரைத் தேடினால் அதே ஐபி திரும்ப வர வேண்டும்.

எல்லா வரியிலும் கிளவுட்ஃப்ளேர் ஐபியே தெரிந்தால் இந்தக் கணக்கு எதுவும் நடக்காது. அப்பாச்சியில் ரிமோட்-ஐபி மாட்யூலை, என்ஜின்எக்ஸில் ரியல்-ஐபி மாட்யூலை முதலில் அமையுங்கள்.

கேள்வி: எங்கள் தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் ஆர்டர் போர்ட்டல் இருக்கும் சர்வரை நள்ளிரவு 12 மணிக்கு நிறுத்துவார்களாம். 'அந்த நேரத்தில் யார் வரப்போகிறார்கள்' என்கிறார்கள். சரியா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: உங்களுக்குச் சரியில்லை. இங்கே நள்ளிரவு 12 என்றால் நியூயார்க்கில் கோடையில் பிற்பகல் இரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. வேலை மும்முரமாக நடக்கும் நேரம். ஞாயிறு அதிகாலை நாலரை கேளுங்கள். அங்கே சனிக்கிழமை மாலை. ஜெர்மனி, இத்தாலியில் நள்ளிரவோ ஒரு மணியோ. எல்லாத் தரப்பிலும் கடை மூடியிருக்கும்.

ஊகத்தை விட, லாகை மணிவாரியாக எண்ணுவது நல்லது. சர்வர் கடிகாரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் லாகில் 18:30 என்று இருப்பதுதான் நமக்கு நள்ளிரவு. +0530 என்று வரியில் இருந்தால் நம் நேரம். வேலூர் லாட்ஜ் ஒன்றின் புக்கிங் தளத்துக்கும் 'இரவில் ஆள் இல்லை' என்ற கணக்கு பொருந்தாது. சிகிச்சைக்காகக் கொல்கத்தா, ராஞ்சி பக்கமிருந்து வருபவர்கள் காட்பாடி ஜங்ஷனில் இறங்குமுன் ரயிலிலிருந்தே அறை தேடுவார்கள்.

கேள்வி: திருவிழாக் குழு ஒன்றின் தளத்துக்கு ஆறு மாதமாக ஒருவரும் வரவில்லை. இந்தப் பராமரிப்போடு அழித்துவிடலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: உங்கள் ஊரிலிருந்தே இந்தக் கேள்வி வரலாமா? கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள். அதைச் சார்ந்த தளத்துக்குச் சித்திரைக் கடைசியில்தான் உயிர் வரும். ஐப்பசியில் பார்த்தால் வெறிச்சோடித்தான் இருக்கும். அழிக்காதீர்கள், நிறுத்தி வையுங்கள். ஃபைல், டேட்டாபேஸ், மெயில்பாக்ஸ் மூன்றையும் பேக்கப் எடுத்து, வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்து, அடுத்த திருவிழா கழியும்வரை வைத்திருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நிறுத்தும்போதும் பராமரிப்பின்போதும் 503 (இப்போது சேவை இல்லை) விடை கொடுங்கள், எப்போது திரும்ப வரவேண்டும் என்பதை ரீட்ரை-ஆஃப்டர் தலைப்பில் விநாடியில் எழுதுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 3600. 'பராமரிப்பு நடக்கிறது' என்ற பக்கத்தை 200 என்று அனுப்பினால், கூகுள் அதையே உங்கள் முகப்புப் பக்கமாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

காட்பாடி வாசகருக்கு இன்னொரு குறிப்பும் உண்டு. ரீபூட்டுக்குச் சற்று முன், பட்டியலில் உள்ள எல்லாப் பெயர்களின் விடை எண்ணையும் கர்ல் கட்டளை கொண்டு எடுத்து ஒரு ஃபைலில் சேமியுங்கள். சர்வர் எழுந்ததும் திரும்ப எடுத்து, இரண்டையும் ஒப்பிடும் டிஃப் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். முன்பே 500 (சர்வர் பிழை) கொடுத்துக்கொண்டிருந்த தளம் எது, ரீபூட்டால் விழுந்தது எது என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.