மாப்பிள்ளை, பெண் படத்தை எங்கே ஒட்டுவது?

கல்யாண வீடியோ, பழைய பதிவுகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு ஈரோட்டு ஸ்டுடியோக்காரர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: மகன் கல்யாண வீடியோவை இரண்டு டிவிடிகளில் கொடுத்தார்கள். இரண்டிலும் மாப்பிள்ளை, பெண் படம் அச்சிட்ட வட்டக் காகிதம் ஒட்டியிருக்கிறது. முதல் தகட்டின் கடைசியில் என் மகள் செய்த இணைச்சீர்ச் சடங்கு வருகிறது. அந்த இடம் வந்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. தகட்டில் கீறல் இல்லை. காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடலாமா?
வாசகி, கோபிசெட்டிபாளையம்

முதலில் தண்ணீர்ச் சொம்பைத் தள்ளி வையுங்கள் அம்மா. உரிக்கவே கூடாது.

தகராறுக்குக் காரணம் அந்தக் காகிதமாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. காகிதம் ஈரத்தை இழுக்கும், காய்ந்தால் சுருங்கும். அதோடு ஒட்டிக்கொண்ட தகடும் மெல்ல வளையும். கண்ணுக்குத் தெரியாத வளைவுதான். ஆனால் டிவிடியில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி 0.74 மைக்ரான், சிடியில் 1.6 மைக்ரான். இவ்வளவு நெருக்கத்தில் தகடு கொஞ்சம் சாய்ந்தாலும் லேசருக்குத் தடம் பிடிபடாது. பதிவு நடுவில் தொடங்கி விளிம்பை நோக்கிப் போகும். வளைவு அதிகம் தெரிவதும் விளிம்பில்தான். முகூர்த்தக்கால் நட்டதெல்லாம் ஒழுங்காக ஓடிவிட்டு, கடைசியில் வைத்த இணைச்சீரில் வந்து நிற்பது அதனால்தான்.

சரி, உரித்தால் என்ன? டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்தது. பதிவு அவற்றுக்கு நடுவில் இருக்கிறது. காகிதத்தோடு அது வந்துவிடாது. ஆனால் இழுக்கிற இழுப்பில் தகடு வளையும், இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஒட்டு விட்டுப்போகலாம். காகிதம் பாதி கிழிந்து பாதி நின்றாலோ, பாரம் ஒரு பக்கமாகிச் சுழலும்போது ஆடும். சிடியில் இன்னும் மோசம். அதில் பதிவைத் தாங்கும் சாயமும் பளபளக்கும் உலோகப் பூச்சும் மேல்பக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றுக்குக் காவல் ஒரு மெல்லிய வார்னிஷ் மட்டுமே. ஸ்டிக்கரை உரித்த சிடி ஒன்றை ஒருவர் எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார். தூக்கிப் பிடித்தால் ஓட்டை விழுந்த பூச்சின் வழியே அவர் முகம் தெரிந்தது. பாட்டெல்லாம் காகிதத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: வீடியோ எடுத்தவரிடம் மூலப் பதிவு இன்னும் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால், இரண்டு மூன்று கம்ப்யூட்டர்களில் தகட்டைப் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் மறுத்ததை இன்னொன்று படித்துவிடும். வேகத்தைக் குறைத்து, படிக்காத இடத்தைத் திரும்பத் திரும்ப முயன்று பிரதி எடுக்கும் மென்பொருள்களும் உண்டு. தெரிந்த தம்பி யாரிடமாவது சொல்லுங்கள். கிடைத்ததை உடனே வன்தட்டில் ஏற்றிவிடுங்கள்.

எங்கள் ஸ்டுடியோவில் தகட்டின் மேல் எதையும் ஒட்டுவதில்லை. ‘பக்கத்து ஸ்டுடியோவில் படம் போட்டுத் தருகிறார்களே’ என்று சம்பந்தி வீட்டார் குறைப்பட்டுக்கொள்வார்கள். பெட்டியின் மேல் எவ்வளவு பெரிய படம் வேண்டுமானாலும் போட்டுத் தருகிறேன், அது சுழலப்போவதில்லை என்பதுதான் அவர்களுக்கு என் பதில்.

கேள்வி: ஊர் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) அம்மன் பாடல்கள் பதிந்த சிடி கொடுக்கிறோம். 200 தகடுகள். ஸ்டிக்கரே கூடாது என்று முன்பு எழுதியிருந்தீர்கள். வெறும் தகடாகக் கொடுத்தால் பார்க்க நன்றாகவா இருக்கும்?
வாசகர், திருப்பூர்

இருக்காது. உங்களுக்கு நான் தடை சொல்லப்போவதில்லை. அமெரிக்க அரசின் தரநிலைகள் நிறுவனம் 2003-ல் வெளியிட்ட தகடு பராமரிப்புக் கையேடும், 5 ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்க வேண்டியவற்றில்தான் ஒட்டுக் காகிதம் வேண்டாம் என்கிறது. நோம்பிப் பாட்டு அடுத்த நோம்பி வரை ஓடினால் போதும். அம்மன் படமும் ஊர்ப் பெயரும் இருந்தால் யாரும் தூக்கிப் போடமாட்டார்கள், வேறு சிடியோடு கலந்தும் போகாது. மேல்பக்கத்தைக் கீறலிலிருந்து கொஞ்சம் காக்கவும் செய்யும்.

ஆனால் ஒட்டுகிறவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். தகட்டின் துளைக்குள் பொருந்தும் குமிழ் வைத்த பிளாஸ்டிக் அச்சு ஒன்று கிடைக்கும். காகிதத்தைப் பசைப்பக்கம் மேலே வருமாறு அதில் வைத்து, தகட்டை மேலிருந்து ஒரே அழுத்தாக இறக்க வேண்டும். கையால் ஒட்டினால் வட்டம் ஒரு பக்கம் தள்ளிப்போகும், நடுவில் காற்றுக் குமிழி நிற்கும். முழு வட்டக் காகிதமாக இருக்கட்டும். முகவரிச் சீட்டுப் போன்ற துண்டுகளை ஒட்டினால் பாரம் ஒருபக்கமாகிவிடும். முதலில் பாட்டைப் பதிவு செய்து, ஓட்டிப் பார்த்த பிறகு ஒட்டுங்கள். தகட்டை வாயால் உறிஞ்சி இழுத்துக்கொள்ளும் கார் பிளேயரில் மட்டும் போட வேண்டாம் என்று பெட்டியில் அச்சிட்டுவிடுங்கள். வெயிலில் நின்ற காரில் பசை இளகி, காகிதம் உள்ளேயே மாட்டிக்கொண்டால் பிளேயரைக் கழற்ற வேண்டியதுதான்.

பணம் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால், அச்சிடுவதற்கென்றே வெள்ளைப் பூச்சோடு வரும் தகடுகளை வாங்குங்கள். எப்சான், கேனான் இங்க்ஜெட் பிரிண்டர்கள் சிலவற்றில் தகடு வைக்கும் தட்டு உண்டு. பசை இல்லை, காகிதம் இல்லை. மை காயும்வரை அடுக்கக் கூடாது, அவ்வளவுதான். எச்பி நிறுவனம் 2004-ல் அறிவித்த லைட்ஸ்கிரைப் முறையில் டிரைவின் லேசரே மேல்பக்கத்தில் படம் பொறித்தது. அழகான யோசனை, ஆனால் படம் ஒரே நிறம், வெளிச்சத்தில் மங்கவும் செய்தது. இப்போது கடைகளில் கண்ணில் படுவதில்லை.

கேள்வி: எங்கள் பாடல் குழுவின் சிடி வீட்டு பிளேயரில் நன்றாக ஓடுகிறது. கம்ப்யூட்டரில் போட்டால் மேசையே அதிர்கிறது. ஸ்டிக்கரின் ஓரமும் எழும்பியிருக்கிறது.
வாசகி, வால்பாறை

உங்கள் ஊர் மழைக்கு எந்தப் பசைதான் நிற்கும் அம்மணி! வீட்டு பிளேயர் சிடியை நிமிடத்துக்கு 200 முதல் 500 சுற்று வரைதான் சுழற்றும். 52 மடங்கு வேக கம்ப்யூட்டர் டிரைவில் அது 10,000 சுற்றைத் தொடும். காகிதம் அரை மில்லிமீட்டர் நகர்ந்து ஒட்டியிருந்தாலும் அந்த வேகத்தில் காட்டிக்கொடுத்துவிடும். எழும்பிய ஓரத்தோடு கம்ப்யூட்டரில் போடவே போடாதீர்கள். வீட்டு பிளேயரிலிருந்து வயர் கொடுத்துப் பாட்டைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: தகட்டின் மேல் எந்தப் பேனாவால் எழுதலாம்?
வாசகர், பல்லடம்

பால்பாயிண்ட் கூடாது. தண்ணீர் சேர்ந்த மை உள்ள, நுனி மெத்தென்ற மார்க்கர் நல்லது. நடுத்துளையைச் சுற்றி இருக்கும் கண்ணாடி வளையத்தில் எழுதுவது இன்னும் நல்லது. அங்கே பதிவு கிடையாது.

கேள்வி: தாத்தா உடுக்கை அடித்துப் பாடிய அண்ணன்மார் கதை, 90 நிமிட கேசட்டுகளில் இருக்கிறது. சிடிக்கு மாற்றப்போகிறேன். எந்தக் கேசட் எது என்று தெரிய வேண்டும். லேபிள் ஒட்டாமல் என்ன செய்வது?
வாசகர், காங்கயம்

நல்ல வேளை, முன்பே கேட்டீர்கள். ஒரு சிடியில் 80 நிமிடம்தான் பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு கேசட்டும் இரண்டு தகடாகும். கேசட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரு தகடு என்று வைத்துக்கொண்டால் கதை நடுவில் வெட்டுப்படாது. கண்ணாடி வளையத்தில் 1அ, 1ஆ, 2அ என்று மட்டும் எழுதுங்கள். எந்த ஊர்க் கோயில், எத்தனையாவது இரவு, உடன் பாடியவர் யார் என்பதையெல்லாம் பெட்டிக்குள் வைக்கும் சீட்டில் எழுதுங்கள். அதையே ஒரு நோட்டிலும் வரிசையாக எழுதிவையுங்கள். சீட்டு இடம் மாறினாலும் நோட்டு சொல்லும். தகடுகளைப் படுக்கப் போட்டு அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். இன்னொரு பிரதி வன்தட்டில் இருக்கட்டும், அதை வேறு வீட்டில் வையுங்கள். கேசட்டுகளையும் எறிந்துவிடாதீர்கள்.