அடாக் வலையமைப்பில் காணொளி அறுபடாமல் ஓட என்ன செய்ய வேண்டும்?

கோபுரமோ ரவுட்டரோ இல்லாமல், கருவிகளே பாக்கெட்டுகளை, அதாவது தரவின் சிறு துண்டுகளை, கைமாற்றிக்கொள்ளும் வயர்லெஸ் அடாக் வலையமைப்பில் நேரலைக் காணொளியை நம்பி அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் ஒரு பாக்கெட்கூடத் தவறக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தால் முடியாது. எது தவறினால் படம் தாங்கும், எது தவறினால் குலைந்துபோகும் என்று பிரித்தறிந்து, இரண்டாவதைப் பாடுபட்டுக் காப்பாற்ற வேண்டும்.

ஐந்து மடிக்கணினிகளை நீண்ட நடைவழியில் வரிசையாக வைத்து இதைச் சோதித்திருக்கிறேன். நடுவிலிருந்த கணினியைத் தூக்கிக்கொண்டு நண்பர் பக்கத்து அறைக்குள் நுழைந்ததும், மறுமுனையில் படம் உறைந்தது. மீண்டும் அசையத் தொடங்கியபோது, பேசுபவரின் கை போன இடமெல்லாம் சாம்பல் நிறக் கட்டங்கள் இழுபட்டன. அடுத்த கீஃப்ரேம் வந்த பிறகே முகம் தெளிந்தது. கீஃப்ரேம் மட்டுமே முழுப் படம். மற்றவை பெரும்பாலும் மாற்றங்களை மட்டும் சுமப்பவை என்பதால், ஒன்றில் விழுந்த பிழை அடுத்தடுத்தவற்றிலும் தொற்றுகிறது.

படம் உறைந்ததற்குக் காரணம் ரவுட்டிங், அதாவது பாக்கெட் எந்தக் கருவிகள் வழியே போக வேண்டும் என்று தீர்மானிக்கும் முறை. 2003இல் வெளியான ஏஓடிவி என்ற ரவுட்டிங் நெறிமுறை, அண்டைக் கருவிகள் தாம் இருப்பதை அறிவிக்க அவ்வப்போது அனுப்பும் ஹலோ செய்திகளை மட்டும் நம்பினால், இயல்பு அமைப்பில் இணைப்பு அறுந்ததை உணரவே சுமார் 2 வினாடி ஆகும். வினாடிக்கு 30 ஃப்ரேம் என்றால் 60 ஃப்ரேம் அதற்குள் போய்விடும். ஓஎல்எஸ்ஆர் என்ற மற்றொரு ரவுட்டிங் நெறிமுறையில் இது சுமார் 6 வினாடி. எனவே, அனுப்பிய பாக்கெட்டுக்கு ஒப்புகை வராததை வைஃபை அடுக்கே ரவுட்டிங்குக்கு உடனே தெரிவிக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். தாவல் (ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் ஒரு படி) எண்ணிக்கை குறைந்த பாதையே நல்லது என்றும் எண்ண வேண்டாம். அது பெரும்பாலும் தொலைவான, பலவீனமான இணைப்புகளையே தேர்ந்தெடுக்கும்.

தவறிய பாக்கெட்டை மீண்டும் அனுப்பும் டிசிபி நெறிமுறை இங்கே பொருந்தாது. அலைக்குறுக்கீட்டால் நேர்ந்த இழப்பையும் நெரிசல் என்று எண்ணி அது வேகத்தைக் குறைத்துவிடும். அப்படி மீண்டும் அனுப்பாத யுடிபி மேல், பாக்கெட்டுகளுக்கு வரிசை எண்ணும் நேரமும் இடும் ஆர்டிபியை வைத்து, கீஃப்ரேம் பாக்கெட்டுகளுக்கு மட்டும் பிழைதிருத்த உபரியை (தவறியதை மீட்க உதவும் கூடுதல் தரவை) கூட்டுவது பயன் தரும். ஆனால் உபரிக்கும் அலைநேரம் வேண்டும், அதுதான் இங்கே மிக அரிது: ஒரே சேனலில் அடுத்தடுத்த கணுக்கள் (வலையமைப்பில் உள்ள கருவிகள்) ஒரே நேரத்தில் பேச முடியாததால், நீண்ட சங்கிலியில் கிடைக்கும் வேகம், மிக நல்ல நிலையிலும், ஒற்றைத் தாவலின் நான்கில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். ஆகவே முதலில் பிட்ரேட்டை, அதாவது காணொளி வினாடிக்கு எடுக்கும் தரவின் அளவை, குறையுங்கள்.

இரண்டு பாதைகள் கிடைத்தால் ஒற்றைப்படை ஃப்ரேம்களை ஒன்றிலும் இரட்டைப்படையை மற்றொன்றிலும், ஒன்றையொன்று சாராதபடி குறியேற்றி அனுப்பலாம்; ஒரு பாதை அறுந்தாலும் வினாடிக்கு 15 ஃப்ரேம் ஓடிக்கொண்டிருக்கும். பொதுக் கணு இல்லாதிருந்தால் மட்டும் போதாது, இரண்டு பாதைகளும் ஒன்றன் அலையில் மற்றொன்று குறுக்கிடாத தொலைவில் இருக்க வேண்டும், அல்லது வேறு வேறு சேனலில் இயங்க வேண்டும். ஒரே பாதைதான் என்றால், கீஃப்ரேமைப் பெரிய கட்டியாக அனுப்பாமல், ஒவ்வொரு ஃப்ரேமிலும் படத்தின் ஒரு பட்டையை மட்டும் முழுதாகப் புதுப்பிக்கும்படி, காணொளியைச் சுருக்கிக் குறியேற்றும் என்கோடரை அமையுங்கள்.