நாயின் மூக்கு ஏன் வெளுக்கிறது?

செந்தூல் வாசகி: எங்கள் லாப்ரடாரின் கறுப்பு மூக்கு நடுவில் இளஞ்சிவப்பாகிவிட்டது. ‘பனி மூக்கு’ என்கிறார்கள். கோலாலம்பூரில் ஏது பனி?

பெயரை வைத்தவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். வெயில் நாடுகளிலும் இது வருகிறது. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி இனங்களில் சகஜம். கறுப்பு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதியின் வேகம் குறைவதே காரணம் என்று கருதப்படுகிறது. வலியும் இல்லை, மருந்தும் தேவையில்லை. நிறத்தை விட்டுவிட்டு மூக்கின் மேல்தோலை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கூழாங்கல் பதித்த தரையைப் போல மேடும் பள்ளமும் அப்படியே இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: ஜெர்மன் ஷெப்பர்டின் மூக்கு முதலில் சாம்பல் நிறமானது. இப்போது வழவழவென்று இருக்கிறது, பொருக்கு தட்டி ரத்தமும் கசிகிறது. மஞ்சள் பூசி வருகிறோம்.

மஞ்சளை நிறுத்துங்கள், மருத்துவர் பார்க்கவேண்டிய நிறத்தையே அது மறைத்துவிடும். மேடுபள்ளம் அழிந்து வழவழப்பானால் டிஸ்காய்ட் லூபஸ் நோயைச் சந்தேகிக்க வேண்டும். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் தோலையே தாக்கும் நோய் இது. வெயில் பட்டால் முற்றும். பாக்டீரியா தொற்றும் அச்சு அசலாக இப்படியே தோன்றும் என்பதால், சில வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்த பிறகே பலர் திசுப் பரிசோதனைக்குப் போவார்கள். அப்போதும் புண்ணின் நடுவில் எடுத்த துண்டு உதவாது. சாம்பல் நிறத்துக்கு மாறத் தொடங்கிய ஓரத்திலிருந்து எடுக்க வேண்டும். இதை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். லூபஸ் என்று உறுதியானால் பெரும்பாலும் டாக்ரோலிமஸ் களிம்பு தருவார்கள். தடவிய கையோடு நடக்க அழைத்துச் செல்லுங்கள், இல்லையென்றால் நாய் ஒரே நக்கில் தீர்த்துவிடும். நடையை விடிகாலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் நண்பகல் வெயில் இந்த மூக்குக்கு ஆகாது. வெயிலுக்கென்று துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பைப் பூசிவிடாதீர்கள். நக்கி விழுங்கினால் துத்தநாகம் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

பட்டர்வொர்த் வாசகி: பிளாஸ்டிக் கிண்ணத்தால் மூக்கு வெளுக்குமா?

அபூர்வமாக வெளுக்கலாம். அப்படியானால் உதடும் சேர்ந்து சிவந்திருக்கும். எவர்சில்வர் கிண்ணத்துக்கு மாறுங்கள். பழியைக் கிண்ணத்தின் மேல் போட்டுவிட்டு மருத்துவரிடம் போகாமல் இருப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்: அகிதா நாய்க்குக் கண் சிவந்து நீர் வடிகிறது. மூக்கும் உதடும் வெளுக்கின்றன. மாதக் கடைசியில் ஊசி போடப் போகும்போது காட்டலாமா?

கூடாது. இன்றே போங்கள். நிறமி அணுக்களைக் கண்ணிலும் தோலிலும் ஒருசேரத் தாக்கும் நோயாக இருக்கலாம். அகிதா, ஹஸ்கி, சமாயிட் இனங்களில் அதிகம். தாமதித்தால் பார்வை போய்விடும். மூக்கு காத்திருக்கும், கண் காத்திருக்காது.

ஜெலுத்தோங் வாசகி: நாயை விடுங்கள் டாக்டர், எங்கள் பூனையின் மூக்கில் ஆறாத புண்.

பூனை என்றால் என் கவலை வேறு. மலேசியாவில் ஸ்போரோட்ரைகோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்று பூனைகளிடம் அடிக்கடி காணப்படுகிறது. கீறல், கடி வழியாக மனிதர்களுக்கும் பரவும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், வெளியே விடாதீர்கள். புண் ஆறிய பிறகும் மருத்துவர் தரும் மாத்திரையைக் குறைந்தது ஒரு மாதம் தொடர வேண்டும். வீட்டில் யாரையாவது கீறியிருந்து, அந்த இடத்தில் கட்டி எழும்பினால், கிளினிக்கில் பூனையின் கதையை முதலில் சொல்லுங்கள்.