மேட்ச் பார்க்கும் உரிமை – கடிதம்

அன்புள்ள சார்,

கேபிள் டிவி பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். கேபிள் இணைப்புகள் குறைந்துகொண்டே வருவதை ஓர் இழப்பாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்ததுமே கேபிள் வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். படம், சீரியல் எல்லாம் மொபைலிலேயே வந்துவிடுகிறது. அப்பாதான் ஒத்துக்கொள்ளவில்லை. ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மேட்ச் என்றால் அவருக்கு டிவிதான். அவருக்காகக் கேபிளைத் திரும்பவும் எடுத்தோம், ஆனால் விளையாட்டு பேக் போடவில்லை. இந்தியா ஆடும் நாளில் "தூர்தர்ஷன்ல போடுவானே" என்று டிடி ஸ்போர்ட்ஸ் வைப்பார். அதில் வேறு ஏதோ பழைய நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும். "ஊர்ல உங்க சித்தப்பா வீட்டு டிஷ்ல இதே சேனல்லதான மேட்ச் பார்த்தேன்" என்று கோபப்படுவார். இது ஏன் என்று எனக்கும் புரியவில்லை.

இன்னொன்று. 2023இல் ஐ.பி.எல். மொபைலில் இலவசமாக வந்தது. பிறகு கட்டணம் வைத்தார்கள். மூன்று மாதத்துக்கு 149 ரூபாயிலிருந்து ஆரம்பம் என்றார்கள். அது ஒன்றும் பெரிய தொகை இல்லையே? பார்க்கிறவன் பணம் கொடுக்கட்டும். பார்க்காத சேனல்களுக்கெல்லாம் சேர்த்துத்தானே இவ்வளவு காலம் கேபிளுக்குக் கட்டினோம்? கட்டணத் தொலைக்காட்சி இன்னும் பத்து வருடம் தாங்குமா? தாங்கத்தான் வேண்டுமா?

க.ர.,
அயனாவரம்

அன்புள்ள க.ர.,

முதலில் அப்பாவின் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். அவருடைய கோபம் முழுக்க நியாயமானது.

இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்கள் ஒன்றிய அரசின் 'தேசிய முக்கியத்துவம் வாய்ந்த' விளையாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. ஒளிபரப்பு உரிமையை எந்தத் தனியார் நிறுவனம் வாங்கினாலும், நேரலைச் சிக்னலைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்கும் கொடுத்தாக வேண்டும். 2007ஆம் ஆண்டுச் சட்டம் இது. தூர்தர்ஷனுக்கு வரும் விளம்பர வருமானத்தில் குறைந்தது 75 சதவீதம் உரிமை வைத்திருப்பவருக்குப் போகும், மீதிதான் பிரசார் பாரதிக்கு. ஆனால் அந்தச் சிக்னலைத் தூர்தர்ஷன் தன்னுடைய தரைவழி ஒளிபரப்பிலும் தன்னுடைய டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், தனியார் கேபிளிலும் தனியார் டிஷ்ஷிலும் வரும் தூர்தர்ஷனில் காட்டக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லாக் கேபிள் வீட்டிலும் தூர்தர்ஷன் கட்டாயம் வந்தாக வேண்டிய சேனல். அதிலேயே மேட்ச் வந்துவிட்டால் கோடிகள் கொடுத்து உரிமை வாங்கியவரின் சேனலுக்கு யார் பணம் கட்டுவார்கள் என்பது சேனல் தரப்பின் வாதம். சட்டத்தின் வாசகமும் அதற்கு இடம் கொடுத்தது.

உங்கள் சித்தப்பா வீட்டில் இருப்பது தூர்தர்ஷனின் அந்தச் சொந்த டிஷ்ஷான டிடி ஃப்ரீ டிஷ்ஷாக இருக்க வேண்டும். ஒருமுறை டிஷ்ஷும் பெட்டியும் வாங்கி மொட்டை மாடியில் பொருத்திவிட்டால் மாதக் கட்டணம் கிடையாது. அயனாவரத்திலும் பொருத்தலாம். ஐ.பி.எல். அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியா ஆடும் ஒருநாளும் டி20யும் வரும். அப்பாவுக்கு அதுவே போதும் என்று நினைக்கிறேன்.

அந்த 2007 சட்டத்துக்கு முன்கதை ஒன்று உண்டு. அதில் சென்னைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இன்று பலருக்கு அது நினைவில் இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2003 செப்டம்பர் 1 முதல் சென்னையில் கட்டணச் சேனல் பார்க்க செட்டாப் பாக்ஸ் கட்டாயமானது. நாட்டிலேயே முதலில் இங்கேதான் அது நடைமுறைக்கு வந்தது. பெட்டிக்குத் தனியாகப் பணம், சேனலுக்குத் தனியாகப் பணம். சென்னைவாசிகளில் பெரும்பாலானோர் பெட்டியே வாங்கவில்லை, இலவசச் சேனல்களோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆறு மாதம்தான் ஆகியிருக்கும். 2004 மார்ச்சில் இந்திய அணி பாகிஸ்தானுக்குப் போனது. 1989க்குப் பிறகு இந்தியா அந்த மண்ணில் ஆடும் முதல் டெஸ்ட் தொடரும் அந்தப் பயணத்தில் அடக்கம். ஒளிபரப்பு உரிமையோ டென் ஸ்போர்ட்ஸ் என்ற கட்டணச் சேனலிடம். பெட்டி இல்லாத சென்னை வீடுகளில் திரை இருட்டாகத்தான் இருந்திருக்கும். சென்னையின் நுகர்வோர் அமைப்பான சி.ஏ.ஜி. மெட்ராஸ் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சிக்னலைத் தூர்தர்ஷனுக்கும் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வாங்கியது. சேனல்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். முடிவில் டென் ஸ்போர்ட்ஸின் சின்னத்தோடும் விளம்பரங்களோடும் தூர்தர்ஷனில் அந்தத் தொடர் வந்தது. முல்தானில் சக்லைன் முஷ்டாக்கின் பந்தை சிக்ஸருக்குத் தூக்கி சேவாக் முச்சதத்தைத் தொட்டதைப் பெட்டி வாங்காத வீடுகளும் பார்த்தன. அந்த வழக்கு கிளப்பிய கேள்விக்குத்தான் மூன்று ஆண்டு கழித்துச் சட்டம் வந்தது.

மக்கள் பணம் கொடுக்க மனமில்லாமல் கேட்ட சலுகையாக இதை நான் பார்க்கவில்லை. அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பும் கிரிக்கெட் ஒளிபரப்புத் தகராறில் வந்ததுதான். நாட்டின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஆடும் ஒரு அணியின் ஆட்டத்தைப் பார்க்க, அந்த நாட்டில் ஏதாவது ஒரு இலவச வழி இருந்தாக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இனி உங்கள் 149 ரூபாய்க்கு வருகிறேன்.

2022 ஜூனில் ஐ.பி.எல். உரிமையை ஐந்து ஆண்டுக்கு ஏலம் விட்டபோது மொத்தம் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அதற்கு முந்தைய ஐந்தாண்டுத் தொகை 16,347.5 கோடி. அந்த ஏலத்தில் டிவி உரிமை ஒருவருக்கும் இணைய உரிமை இன்னொருவருக்கும் போனது. உள்நாட்டு உரிமையில் டிவியைவிட இணையத்தின் விலை அதிகமாக இருந்தது. 2023இல் அது இலவசமாக வந்ததற்குக் காரணம் அந்தப் போட்டி. இணைய உரிமை வாங்கியவர்கள் டிவி உரிமை வாங்கிய எதிராளியிடமிருந்து பார்வையாளர்களை இழுக்க வேண்டும். இலவசமாகக் கொடுத்தார்கள். பதிலுக்கு எதிராளியும் அந்த வருடம் ஆசியக் கோப்பையையும் உலகக் கோப்பையையும் மொபைலில் இலவசமாகக் கொடுத்தார். 2024 நவம்பரில் இரண்டு நிறுவனங்களும் ஒன்றாகிவிட்டன. 2025 பிப்ரவரியில் இரண்டு செயலிகளும் ஒரே ஜியோஹாட்ஸ்டார் ஆயின. அடுத்த மாதமே ஐ.பி.எல். கட்டணத்துக்குள் போனது. போட்டி போனதும் இலவசமும் போய்விட்டது. 149 என்பது ஆரம்ப விலை. அது மொபைலுக்கான விலை, டிவியில் பார்க்க அது உதவாது. அடுத்த ஏலத்தில் இன்னும் பெரிய தொகை கேட்டால் அதை யார் தலையில் வைப்பார்கள்? 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைச் சட்டம் தடைசெய்தது. கிரிக்கெட்டுக்கு அள்ளிக் கொடுத்த விளம்பரதாரர்கள் ஒரே நாளில் காணாமல் போனார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் அந்தப் பள்ளத்தைப் பார்வையாளரின் பணத்தைக் கொண்டு நிரப்பத்தான் பார்ப்பார்கள்.

இணைய ஒளிபரப்புக்கு இயல்பிலேயே ஒரு செலவும் இருக்கிறது. செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னலை ஆயிரம் பேர் பார்த்தாலும் அஞ்சு கோடிப் பேர் பார்த்தாலும் அனுப்புகிறவருக்குச் செலவு ஒன்றுதான். இணையத்தில் ஒவ்வொரு மொபைலுக்கும் தனித்தனியாக ஒரு பிரதி போக வேண்டும். ஒலிபெருக்கியில் ஊருக்கே சொல்வதற்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் அது. 2023 உலகக் கோப்பை இறுதிப்போட்டியை ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் ஹாட்ஸ்டாரில் பார்த்தார்கள். தொழில்நுட்ப ரீதியாக அது பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் அத்தனை கோடிப் பேருக்கும் காட்சியைச் சில நொடித் துண்டுகளாக நறுக்கி, அடுக்கி, அனுப்புவதில் நேரம் போகிறது. எங்கள் குடியிருப்பில் கேபிள் வைத்திருக்கும் கீழ்வீட்டில் "அவுட்" என்று கத்துவார்கள். மாடியில் மொபைலில் பார்க்கும் பையனுக்குப் பந்துவீச்சாளர் அப்போதுதான் ஓடிவர ஆரம்பித்திருப்பார். அரை நிமிடம்வரைகூடப் பிந்துகிறது. விளையாட்டில் அரை நிமிடம் என்பது என்னவென்று உங்களுக்கே தெரியும்.

அதற்காகக் கேபிள் தப்பித்துவிடும் என்று சொல்லவில்லை. நாட்டில் கட்டணத் தொலைக்காட்சி வீடுகள் 2018இல் 15.1 கோடி இருந்தன. 2024இல் 11.1 கோடியாகிவிட்டன. வசதி உள்ளவர்கள் இணையத்துக்கும், இல்லாதவர்கள் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் போகிறார்கள். இங்கே அரசு கேபிள் 2011இல் மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்தது. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை வந்ததும் வரி சேர்க்காமல் 130 ரூபாய் அடிப்படைக் கட்டணம், அப்புறம் சேனலுக்குச் சேனல் விலை என்றானது. முன்னணி விளையாட்டுச் சேனல்கள் பலவும் பேக்கில் சேர்க்க அனுமதித்த உச்ச விலையான 19 ரூபாயையே வைத்தன. எங்கள் பகுதி கேபிள்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். மார்ச் கடைசியில் போன் செய்து விளையாட்டு பேக் போடச் சொல்வார்களாம், இறுதிப்போட்டி முடிந்த மறுநாளே எடுக்கச் சொல்வார்களாம். இப்போது அந்த போனும் குறைந்துவிட்டது என்றார். அவரே கம்பத்தில் ஏறி ஃபைபர் இழுத்துக் கொடுக்கிறார். இழுத்துக் கொடுத்த வீட்டில் அடுத்த மாதம் கேபிளை நிறுத்திவிடுகிறார்கள். பத்து வருடத்தில் அவர் தொழிலில் இருப்பார், கேபிள்காரராக இருக்க மாட்டார். என் கணிப்பு அவ்வளவுதான்.

கட்டணச் சேனல்கள் நல்லது செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரும் ராமமூர்த்தியும் தமிழில் வர்ணனை செய்து ஊரையே கட்டிப்போட்டார்கள். தொலைக்காட்சியில் தமிழுக்கென்றே ஒரு முழுநேர விளையாட்டுச் சேனல் வர 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ்ச் சேனல் தொடங்கியதால்தான் ஸ்ரீகாந்தும் பத்ரிநாத்தும் நம் வீட்டுக்குள் தமிழில் பேசினார்கள். கபடி 2014இல் ஊர்த் திடலிலிருந்து வரவேற்பறைக்கு வந்ததும் ஒரு கட்டணச் சேனலால்தான். ரிமோட்டை அமுக்கிக்கொண்டே போகிறவர் கண்ணில் அது பட்டது, நின்று பார்த்தார், பிடித்துப்போனது. செயலியில் அப்படித் தற்செயலாக எதுவும் கண்ணில் படுவதில்லை. தேடிப் போகிறவருக்குத்தான் கிடைக்கிறது. கிரிக்கெட் அல்லாத ஆட்டங்களைப் பற்றிய என் பெரிய கவலை இதுதான். இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தின் வணிக உரிமைக்கு 2025இல் டெண்டர் விட்டபோது ஒருவர்கூடக் கேட்கவில்லை. சென்னையின் எஃப்.சி.யும் ஆடும் லீக் அது. நேரு ஸ்டேடியத்தில் தொண்டை வற்றக் கத்தும் பிள்ளைகளை நினைத்தால் மனசு ஆறவில்லை.

இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவுடன் ஆடும் ஆஷஸ் டெஸ்ட் தொடர் 2005இல் சேனல் 4 என்ற இலவசச் சேனலில் வந்தது. உச்சத்தில் 84 லட்சம் பேர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு உரிமை முழுக்க ஸ்கை என்ற கட்டணச் சேனலுக்குப் போனது. 2009 ஆஷஸிலும் இங்கிலாந்துதான் ஜெயித்தது, ஆனால் உச்சப் பார்வையாளர் எண்ணிக்கை இருபது லட்சத்தைத் தொடவில்லை. வாரியத்துக்குப் பணம் வந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குத் தங்கள் அணியின் முகமே தெரியாமல் போனது. 2019இல் சொந்த மண்ணில் உலகக் கோப்பை இறுதிக்கு இங்கிலாந்து வந்தபோது ஸ்கையே இறங்கிவந்து அந்த ஆட்டத்தைச் சேனல் 4உடன் பகிர்ந்துகொண்டது. நமக்குச் சட்டமாக இருப்பது அவர்களுக்கு அன்று ஒரு நிறுவனத்தின் நல்லெண்ணமாகக் கிடைத்தது.

ஆனால் நம் சட்டத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது. கேபிள், டிஷ் (டி.டி.எச்.), வானொலி ஆகியவற்றைத்தான் அது பேசுகிறது. இணையத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நாளைக்கு ஒரு நிறுவனம் இந்திய அணியின் தொடரை இணையத்தில் மட்டும் காட்டினால் சிக்னலைப் பகிரும் கடமையே எழாது. வாசகத்தைப் படிக்கும்போது எனக்கு அப்படித்தான் தெரிகிறது. "பார்க்கிறவன் பணம் கொடுக்கட்டும்" என்கிறீர்கள். ஐ.பி.எல்.லுக்கு நானும் அதை ஏற்றுக்கொள்கிறேன், அது தனியார் அணிகளின் லீக். இந்திய அணிக்கு ஏற்க மாட்டேன்.

எனவே சட்டத்தில் இணையத்தையும் சேர்க்க வேண்டும். பிரசார் பாரதி 2024 நவம்பரில் வேவ்ஸ் என்று சொந்தமாக ஒரு செயலியே தொடங்கிவிட்டது. பகிரும் சிக்னலை அதிலும் காட்ட அனுமதிக்கட்டும். கேபிளில் வரும் தூர்தர்ஷனுக்கு உள்ள தடையையும் நாடாளுமன்றம் ஒரு வரித் திருத்தத்தால் நீக்கலாம். நீதிமன்றம் தடுத்தது அன்றைய வாசகத்தை வைத்துத்தான். உரிமையாளருக்கு நஷ்டம் என்றால் விளம்பரப் பங்கைக் கூட்டிக் கொடுக்கட்டும்.

டிராய் இதுபோன்ற விஷயங்களில் ஆலோசனைத் தாள் வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பது வழக்கம். அப்போது சேனல்களும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புகின்றன. பார்வையாளர் தரப்பில் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. அடுத்த முறை தாள் வரும்போது இந்தத் தளத்தில் தெரிவிக்கிறேன். நீங்கள் எனக்கு எழுதியதை அங்கேயும் எழுதுங்கள், டிடி ஸ்போர்ட்ஸில் பழைய நிகழ்ச்சி ஓடுவது உட்பட.

அன்புடன்