வரி மடங்காமல் பெட்டிக்கு வெளியே ஓடுகிறதா?

உங்கள் இணையப் பக்கத்தில் வேர்டிலிருந்து ஒட்டிய ஒரு பத்தி மட்டும் மொபைலில் பெட்டியைத் தாண்டி ஓடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஒரு பத்தியில் இருக்கும் இடைவெளிகளை அழித்துவிட்டு சாதாரண இடைவெளி போடுங்கள், மொபைலில் வரி ஒழுங்காக மடங்கும். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் அகலத்தை மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை என்கிறீர்கள். சரியாகாது, கோளாறு அங்கே இல்லை.

வேர்டிலிருந்து ஒட்டியதாகச் சொன்னீர்கள் இல்லையா, பெரும்பாலும் அதோடு 'உடையா இடைவெளி' வந்திருக்கும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் அதன் எண் 160, நாம் தட்டும் சாதாரண இடைவெளி 32. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் 160 இருக்கும் இடத்தில் பிரவுசர் வரியை உடைக்காது, அதனால் பத்து சொற்கள் இருந்தாலும் ஒரே நீளச் சொல் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

எடிட்டரில் எச்டிஎம்எல் பார்வைக்கு (பக்கத்தின் மூலக் குறிமுறை தெரியும் இடம்) போய்ப் பாருங்கள். சொற்களுக்கு நடுவே '&' குறியில் தொடங்கி ';'-இல் முடியும் என்பிஎஸ்பி (nbsp) வரிசையாக இருந்தால் அதுதான் ஆசாமி. தேடி மாற்றும் வசதியில் அதைக் கொடுத்து, பதிலுக்கு ஒரு வெற்று இடைவெளி. அவ்வளவுதான்.

இனிமேல் ஒட்டும்போது கன்ட்ரோல், ஷிப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். தடித்த எழுத்து, சாய்வெழுத்து எல்லாம் போய்விடும், ஆனால் வேர்டின் எழுத்துரு, அளவு என்ற குப்பையும் சேர்ந்தே போகும். உடையா இடைவெளி மட்டும் சில சமயம் இதிலும் தப்பி வந்துவிடும், ஒட்டியபின் ஒரு தடவை தேடிவிடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: கண்ணுக்குத் தெரியாத எல்லாவற்றையும் மொத்தமாகத் துடைக்கும் கருவிகளைத் தமிழில் ஓட்டாதீர்கள். க், ஷ இரண்டும் ஒட்டாமல் தனித்தனியே நிற்க நடுவில் வைக்கும் அகலமில்லாக் குறியையும் அது தின்றுவிடும், அப்புறம் 'ரிக்‌ஷா' 'ரிக்ஷா' ஆகிவிடும்.