பைதானில் எக்ஸ்எம்எல் கோப்பு: புதியவர்களின் கேள்விகள்

கல்லூரி மாணவி: பைதான் என்ற நிரல் மொழியைக் கற்கத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. புத்தகப் பட்டியல் ஒன்றை எக்ஸ்எம்எல் கோப்பாக, அதாவது தகவலை <தலைப்பு> போன்ற குறிச்சொற்களுக்கு நடுவே வைக்கும் கோப்பாக, எழுத வேண்டும். குறிச்சொற்களைக் கூட்டல் குறியால் ஒட்டிக்கொண்டே போனால் போதாதா ஐயா?

பதில்: போதும், "உப்பு & மிளகு" என்று ஒரு தலைப்பு வந்து சேரும் வரை. நானும் அப்படி ஒட்டியவன்தான். முந்நூறு புத்தகங்கள் ஒழுங்காக ஏறின; ஒரே ஒரு & நுழைந்ததும் மொத்தக் கோப்பையும் பிரவுசர் திறக்க மறுத்துவிட்டது. &, < இரண்டும் எக்ஸ்எம்எல்லுக்குத் தனிப்பொருள் உள்ளவை; உரைக்குள் அப்படியே வரக்கூடாது. பைதானோடு சேர்ந்தே வரும் எலிமென்ட்ட்ரீ என்ற கருவித் தொகுப்பு அவற்றைத் தானே மாற்றி எழுதிவிடும். எலிமென்ட் என்று அழைத்து வேரை (எல்லாவற்றையும் அடக்கும் வெளிக் குறிச்சொல்லை) உருவாக்குங்கள், சப்எலிமென்ட் கொண்டு கிளைகளைச் சேருங்கள், உள்ளடக்கத்தை டெக்ஸ்ட்டில் வையுங்கள். வரி பிரித்துக் காட்டினால் இப்படி இருக்கும்:

<நூலகம்>
  <நூல் எண்="1">
    <தலைப்பு>சமையல் கணக்கு</தலைப்பு>
    <விலை>250</விலை>
  </நூல்>
</நூலகம்>

இன்னொருவர்: குறிச்சொல்லே தமிழிலா! செல்லுமா?

பதில்: செல்லும். 1998இல் வந்த எக்ஸ்எம்எல் 1.0 இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. பெயருக்குள் இடைவெளி கூடாது, எண்ணில் தொடங்கக் கூடாது. கோப்பை வாங்கப்போகிறவர் வேறு பெயர் கேட்டிருந்தால் மட்டும் அவர் சொன்னபடி வையுங்கள்.

அலுவலக உதவியாளர்: விலையைச் சேர்த்தேன். கோப்பை எழுதும் வரியில் டைப்எரர் (வகைப் பிழை) வருகிறது. அந்த வரியில் தவறே இல்லையே?

பதில்: தவறு அங்கே இல்லை, மேலே விலை வைத்த வரியில் இருக்கிறது. 250ஐ எண்ணாகவே வைத்துவிட்டீர்கள். எலிமென்ட்ட்ரீ அப்போது வாய் திறக்காது, எழுதும்போதுதான் சண்டைக்கு வரும். எஸ்டிஆர் கொண்டு எழுத்துச் சரமாக மாற்றி வையுங்கள்.

மாணவி மீண்டும்: எழுதிவிட்டேன் ஐயா. ஆனால் தமிழைக் காணோம், &#2980; என்பதுபோல் வரிசையாக நிற்கிறது.

பதில்: பதற வேண்டாம், உங்கள் தமிழ் பத்திரமாக இருக்கிறது. 2980 என்பது, எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் "த"வின் எண். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், கோப்பை எழுதும் ரைட், ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கி குறியீட்டில் எழுதும். அதில் தமிழ் எழுத்து கிடையாது, அதனால் எண்ணைப் போடுகிறது. ரைட்டை அழைக்கும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 (தமிழுக்கும் இடமுள்ள குறியீடு) என்று கொடுங்கள். கோப்பின் தலையில் அறிவிப்பு வரியும் வேண்டுமென்றால் எக்ஸ்எம்எல்_டிக்ளரேஷனை ட்ரூ ஆக்குங்கள். யூடிஎஃப்-8க்கு அது தானாக வராது.

வேறொருவர்: எல்லாம் ஒரே வரியாக நீள்கிறது.

பதில்: எழுதுவதற்கு முன், வரி பிரித்து உள்தள்ளிவைக்கும் இன்டென்ட்டை அழையுங்கள். பைதான் 3.9 முதல் இருக்கிறது.